ரத்னா அக்கா வீட்டு ஜன்னல்

யாராவது ‘வேண்டாம்’ என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடும் நல்ல குணம் எனக்குப் பிறவியிலேயே இருந்தது. அதை ஒரு நோய் என்று சொல்லி, ஓசூரில் ஏசி போட்ட அறையில் உட்கார வைத்துக் குணப்படுத்திவிட்டார்கள். அந்த வைத்தியத்தின் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி ஓசூர் வந்த புதிது. கம்பெனி வேலை எதுவும் அமையாமல், ஜன்னலுக்குக் கொசுவலை விற்கும் வேலையில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போக வேண்டும். ஒன்றுகூட விற்கவில்லை. கதவைத் திறந்தவர் முகம் சுளித்தாலே “மன்னிச்சுக்கோங்க” என்று படியிறங்கிவிடுவேன். (ஒரு வீட்டில் நாய் குரைத்ததற்கே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.)

மேனேஜர் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்த மனிதர். எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தினார்.

“கஸ்டமர் வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவ?”

“வந்திருவேன் சார்.”

அறையே சிரித்தது. அவர் என் நெற்றியை விரலால் தட்டினார். “தடை கஸ்டமர்கிட்ட இல்ல, இங்க இருக்கு. வேண்டாம்னு சொல்றவங்க, இன்னும் கொஞ்சம் சொல்லுன்னுதான் கேக்கறாங்க!”

‘வீட்டுக்காரரைக் கேக்கணும்’ என்றால் என்ன பதில், ‘எங்க வீட்ல கொசுவே இல்ல’ என்றால் என்ன பதில் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைத்தார். நானும் வெறியோடு படித்தேன்.

மறுநாள் உத்தனப்பள்ளி போகும் சாலையில், புதிதாக மனை போட்ட இடத்தில் ஒரு வீடு. வாசலில் மாவிலை. கூடத்தில் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தொட்டிலில் குழந்தை தூங்கியதால், கதவைத் திறந்த அக்கா உதட்டில் விரல் வைத்தார். நானும் கிசுகிசுப்பாகவே கொசு, குழந்தை, காய்ச்சல் என்று பேசி முடித்தேன். அவர் மெல்லச் சிரித்துச் சொன்னார்: “பேடா.”

என் மனம் குளிர்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவனுக்கு, வந்ததும் வராததுமாகப் பால் பேடா!

“இருக்கட்டும்க்கா, முதல்ல வேலைய முடிச்சிருதேன்” என்று டேப்பை எடுத்தேன்.

“பேடா, பேடா!”

“ஒண்ணு போதும்க்கா.”

ஜன்னல் சட்டத்தின் நான்கு பக்கமும் பசை டேப்பை அழுத்தி ஒட்டினேன். அக்கா இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு “பேடாண்ணா, பேடா!” என்று பின்னாலேயே வந்தார். இப்படியும் ஒரு உபசரிப்பா என்று நெகிழ்ந்துபோனேன். கடைசியில் அவர் உள்ளே ஓடினார். தட்டு எடுக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்து, நான் கை கழுவ இடம் தேடினேன்.

தட்டு வரவில்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் மஞ்சுநாத், லுங்கியோடு வந்தார்.

“இன்னாப்பா பண்ற? ரத்னா அத்தினி தபா வேணாம் வேணாம்னு சொல்றா, காதுல விழல?”

“பேடா தாரேன்னுதான சார் சொன்னாங்க...”

“யோவ், கன்னடத்துல பேடான்னா வேணாம்யா!”

நீங்களே சொல்லுங்கள், இது அநியாயமில்லையா? மறுப்புக்குப் பதில் சொல்ல அவ்வளவு கற்றுக்கொடுத்த அந்தக் கோட்டுக்காரர், இந்த ஊரில் மறுப்பை எந்த வார்த்தையில் சொல்வார்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? அவரே பெங்களூர்க்காரர்!

பதற்றத்தில் டேப்பைப் பிடித்து இழுத்தேன். மறுநாள் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்காக அடித்திருந்த புதுப் பச்சை பெயிண்டும் கூடவே பட்டை பட்டையாக உரிந்து வந்தது. குழந்தை விழித்து அலறியது. ரத்னா அக்கா அதன்பின் கன்னடத்தில் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

மேனேஜருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, “சார், பெயிண்ட் உரிஞ்சிருச்சு” என்றேன்.

“அதெல்லாம் அவங்க சொல்ற சாக்குப்பா. மத்த ஜன்னலுக்கு ஆர்டர் கேட்டியா?”

மஞ்சுநாத் தலையில் கை வைத்துக்கொண்டார். “இந்த ஆளுகிட்டயா வேல செய்ற?” என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் பாதி இறங்கியிருந்தது. மிச்சமிருந்த பெயிண்டையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம்வரை தேய்த்து அடித்தேன். ரத்னா அக்கா டீயும் மைசூர்பாகும் கொண்டுவந்தார். நான் ரோஷமாக, “பேடா” என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் என் மறுப்பை ஏற்கவில்லை, கையில் திணித்துவிட்டுத்தான் போனார். (எந்தப் பயிற்சிக்கும் போகாதவர்.)

மறுநாளே கொசுவலை வேலையை விட்டேன். மஞ்சுநாத் தன் கம்பெனியில் சொல்லி ஸ்டோரில் சேர்த்துவிட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு பவ்யா என்று பெயர் வைத்தார்கள். எனக்கு ‘ஜன்னல்’ என்று வைத்துவிட்டார்கள். பவ்யாவுக்கு நான் ஜன்னல் மாமா. கல்யாணமாகி என் மனைவியை அழைத்துப் போனால், “ஜன்னலோட சம்சாரம் வந்திருக்காங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றார்கள். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

போன வருடம் மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். டீச்சர் குனிந்து, “அப்பா பேரு என்ன கண்ணா?” என்று கேட்டார்.

“ஜன்னல்” என்றான்.

டீச்சர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மறுக்கவே இல்லை.

(என் பெயர் சுடலைமுத்து. ஒரு இடத்திலாவது பதிவாகட்டும்.)