நங்கூரக் கூடத்தின் நற்சொல் விதி

மனிதர்கள் கூடி அமைத்த சபைகளில், ஒரு மனம்கூடப் புண்படாத சபை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நங்கூரக் கூடம். பன்னிரண்டு வருடம் ஓடி முடிந்த ஒரு கப்பல் தொடரின் ரசிகர்கள், தொடர் முடிந்த துக்கம் தாளாமல், அதே கேப்டனையும் அதே கப்பலையும் வைத்துத் தாங்களே கதை எழுதிப் போடும் இணையதளம். எழுதுகிறவர்கள் நாலாயிரம் பேர். படிக்கிறவர்கள் அதே நாலாயிரம் பேர். குறை சொன்னவர்கள் யாருமில்லை.

இந்தச் சாதனை தானாகக் கைகூடிவிடவில்லை. 'நற்சொல் விதி' என்று ஒன்று வகுத்து, அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தார்கள். பின்னூட்டம் பாராட்டில் தொடங்கிப் பாராட்டில் முடிய வேண்டும். 'ஆக்கபூர்வமான விமர்சனம்' செய்தே தீருவேன் என்பவர்களுக்குப் படிவம் எண் மூன்று இருந்தது. நிரப்பிக் கொடுத்தால், நிர்வாகக் குழு அதைப் பரிசீலித்து, விமர்சனத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வெளியிடும். ஒருவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் கடலில் இறக்கிய பிணத்தைப் பதினொன்றாம் அத்தியாயத்தில் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்க வைத்தார். "எவ்வளவு உயிரோட்டமான பாத்திரம்!" என்று நூற்றுப்பத்துப் பேர் வியந்தார்கள்.

அங்கே 'அரைத்துடுப்பு' என்ற பெயரில் எழுதியவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அவளுடைய அக்கா, பள்ளிப் புத்தகங்கள் அச்சிடும் இடத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சகத்தில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். தங்கையின் கதையில் தப்புக் கண்டுபிடிக்கும் உரிமை பூமியில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. கூடத்தில் இல்லை, தொலைபேசியில்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தவளையின் வளர்ச்சிப் படத்தில் அம்புக்குறிகள் தலைகீழாக இருந்ததால், பெரிய தவளை சுருங்கித் தலைப்பிரட்டையாகிக்கொண்டிருந்தது. அதை அக்கா சுழித்துக்கொண்டிருக்கும்போது தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, நாப்பத்தோராவது அத்தியாயம் போட்டுட்டேன். உடனே படிச்சிட்டுத் திட்டு."

"கையில நாலாம் வகுப்பு அறிவியல் இருக்குடி. சாயந்திரம் திட்டறேன்."

"இப்பவே கொஞ்சம் திட்டேன். இங்க வந்து பாரு, அதுக்குள்ள முப்பது பேரு அருமைங்கறாங்க. நீ திட்டினாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

"போன அத்தியாயத்துல உன் கேப்டன் உட்கார்ந்தானே, எந்திரிச்சானா?"

"ஐயையோ."

"உட்கார்ந்தபடியே மேல்தளத்துக்குப் போனான். சக்கர நாற்காலியாடி அது?"

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று மூச்சு வாங்கியது.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மாடி ஏறி வந்தேன். சரி, வை. சாயந்திரம் மறந்துடாதே."

சாயந்திரம் ஐந்து மணி சுமாருக்கு, அலுவலக மேசையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த தங்கை அப்படியே சரிந்தாள். இதயம் என்றார்கள். வயது முப்பத்தாறு.

பத்தாம் நாள் அவளுடைய மேலாளர் வீட்டுக்கு வந்தார். மெலிந்த மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"அன்னைக்கு நான் வேற கிளையில தணிக்கையில இருந்தேன்மா. மறுநாள் காலையிலதான் அவங்க அனுப்பின இந்த மெயிலைப் பார்த்தேன். விஷயம் தெரியாம பதில் வேற போட்டுட்டேன். மன்னிக்கணும்."

தாளின் தலைப்பில் 'விடுப்பு வேண்டி' என்று இருந்தது. கீழே கடலில் புயல் அடித்தது. அலை எழும்பியது, பாய்மரம் முறிந்தது, கேப்டன் கயிற்றைப் பிடித்தார். அதற்கு மேலாளர் எழுதிய பதிலும் இருந்தது: 'இது எனக்கு அனுப்பியதா என்று தெரியவில்லை. இருந்தாலும் படித்தேன். இரண்டாம் வரியில் கப்பல் கிழக்கே போகிறது. ஆறாம் வரியில் கேப்டன் எதிரே சூரியன் மறைவதைப் பார்க்கிறார். கவனிக்கவும். விடுப்பு எந்தத் தேதிக்கு?'

இலக்கிய வாசனையே இல்லாத ஒருவர் எவ்வளவு முரட்டுத்தனமாகப் படிக்கிறார் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அவர் போனதும் அக்கா முதல்முறையாக நாற்பத்தோராம் அத்தியாயத்தைத் திறந்தாள். பன்னிரண்டாவது பத்தியில், வானம் கறுத்து, கேப்டன் "எல்லாரும் கயிற்றைப் பிடியுங்கள்!" என்று கத்தியதற்கு அடுத்த வரி இப்படி இருந்தது:

'ஐயா, மூன்று நாட்களாக நெஞ்சிலும் இடது தோளிலும் வலி இருப்பதாலும், மாடி ஏறினால் மூச்சு வாங்குவதாலும், நாளை புதன்கிழமை மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அலுவலகக் கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி ஒட்டியிருக்கிறாள். புயல் அலுவலகத்துக்குப் போய்விட்டது. வலி கதைக்குள் வந்துவிட்டது.

கீழே இருநூற்றுப் பதினாலு பின்னூட்டங்கள். 'அருமை.' 'மிக அருமை.' 'சொல்ல வார்த்தையே இல்லை.' ஒருவர் ஆழமாகப் போயிருந்தார்: 'கேப்டன் கடலையே மேலாளராக நினைத்து விடுப்புக் கேட்கும் இடம், அபாரம்!'

அக்கா குழுவுக்கு எழுதினாள். அந்த ஒரு பத்தியை எடுத்துவிட்டு, தன்னிடம் இருக்கும் புயலை அங்கே வைக்க வேண்டும். அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுடைய பத்திகளை இடம் மாற்றிக் கொடுத்தவள், தன் வீட்டுக்காக ஒரே ஒரு பத்தி கேட்டாள். குழு உடனடியாகக் காணொலிக் கூட்டம் கூட்டியது. தலைமை, 'உப்புக்காற்று.' பல் மருத்துவர். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு வந்திருந்தார். செயலாளர், 'கரைக்காகம்.' கைபேசியை மல்லாக்க வைத்திருந்ததால் அந்த அம்மாளுக்குப் பதில் மின்விசிறி தெரிந்தது.

"முதல்ல ஒரு நிமிஷம் மௌனம்," என்றார் உப்புக்காற்று. இருபது விநாடியில் யாரோ இருமினார்கள். கூட்டம் தொடங்கியது.

"மேடம், அந்தப் பத்தியைத் தொட எங்களுக்கு மனசு வரல. எழுத்தாளர் இல்லாதப்ப ஒண்ணைத் திருத்தினா, அது தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும். தப்புன்னு சொன்னா அது விமர்சனம்."

"அது தப்புதாங்க. அது லீவு லெட்டர்."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

"லீவு லெட்டர்ங்கறது உங்க வாசிப்பு," என்றது கரைக்காகத்தின் குரல். "எங்களுக்கு அது தவிப்பாப் பட்டுச்சு."

"தவிப்புத்தான். நெஞ்சுவலிங்க. நிஜமான நெஞ்சுவலி."

"அதான் சொல்றேன், அவ்வளவு நிஜமா இருந்துச்சு! அந்த அத்தியாயத்துக்குத்தான் இந்த வருஷ விருது. குழுவுல ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம்."

அக்காவுக்கும் அன்று மதியம் தவளைதான் முக்கியமாக இருந்தது. அதை அவள் மறக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்:

"நாலாயிரம் பேர் இருக்கீங்க. அன்னைக்கு ஒருத்தருக்குக்கூடவா இது இடிக்கல?"

"ஏன் இல்ல? நாங்க எல்லாத்துக்கும் பதிவு வெச்சிருக்கோம்," என்றது கரைக்காகம் பெருமையுடன். தாள் புரளும் சத்தம். "இதோ. 'மிளகுத்தூள்'னு ஒரு உறுப்பினர். மதியம் பன்னிரண்டு ஐம்பத்து மூணு. 'இது தவறிப்போய் ஒட்டினதா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா? உடனே டாக்டர்கிட்ட போங்க.'"

"என் தங்கச்சி அதைப் பார்த்தாளா?"

"சேச்சே, அதெப்படி விடுவோம்?" உப்புக்காற்று முன்னால் குனிந்தார். "பன்னிரண்டு ஐம்பத்தேழுக்கு எடுத்தாச்சு. நானே எடுத்தேன். போட்டவருக்குத் தடையும் போட்டாச்சு. முதல் வரியில பாராட்டு இல்ல, கடைசி வரியில பாராட்டு இல்ல. ரெண்டு கேள்வி, ஒரு அறிவுரை. எழுதறவங்க மனசு என்ன பாடுபடும்? உங்க தங்கச்சி கண்ணுல அது படவே இல்ல மேடம். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"அந்தக் கேள்வியையாவது திரும்பப் போடுங்க."

"விதி இடம் கொடுக்காதே. வேணும்னா நீங்க ஒரு பின்னூட்டம் போடுங்க. குடும்பத்துச் சார்புல. விதிப்படி இருந்தா உச்சியிலேயே வைக்கிறோம்." யாரோ ஒரு நோயாளி உள்ளே வந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தது.

அக்கா மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். மெய்ப்பு மூன்று முறை பார்த்தாள். பிறகு போட்டாள்:

'நங்கூரக் கூடத்தின் வேகம் அருமை. என் தங்கைக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவள் பார்ப்பதற்குள் நாலே நிமிடத்தில் எடுத்துவிட்டீர்கள். அதன் பிறகு அவள் நாலு மணி நேரம் உயிரோடு இருந்தாள். அந்த நாலு மணி நேரமும் அவள் மனம் புண்படவே இல்லை. மிக அருமை.'

பாராட்டில் தொடங்கிப் பாராட்டில் முடிந்ததால் குழு அதை அங்கீகரித்து, சொன்ன வாக்கு மாறாமல் உச்சியில் வைத்தது. முதல் நாளிலேயே எண்பத்திரண்டு பேர் இதயக்குறி போட்டார்கள். "அக்காவுக்கும் என்ன ஒரு நடை! நீங்களும் எழுத வரலாமே," என்று உப்புக்காற்று தாமே கீழே எழுதினார்.

மிளகுத்தூள் மீதான தடை மட்டும் இன்னும் நீக்கப்படவில்லை.