எந்தக் கல்லும் தேறவில்லை

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். எல்லோரும் என்பது இப்போது நான் ஒருவன்தான். உங்கள் அக்கா முந்தாநாள் மத்தியானம் தலையணையையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பதற வேண்டாம், உங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறவில்லை. எதிரே நம் மனையில்தான் இருக்கிறாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குற்றம் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன். வருகிற பொருளில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓய்வு பெற்றதும் மனை வாங்கினோம். வீடு கட்டும்வரைக்கும் இருக்கட்டும் என்று எதிரிலேயே இந்தத் தகரக் கூரை அறையை வாடகைக்குப் பிடித்தோம். அந்தக் கட்டும்வரைக்கும் நாலு கோடையாக நீண்டுவிட்டது. காலை பதினொரு மணிக்கு மேல் இதற்குள் இருப்பது அடுப்பில் ஏற்றிய சட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான். போன கோடையில் துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா அப்படியே சரிந்துவிட்டாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு கோடை அந்தத் தகரத்துக்கு அடியில வேண்டாம். உடம்பு தாங்காது" என்றார். அன்றைக்கு நான் பயந்தது எனக்குத்தான் தெரியும். அதனால்தான், கல் விஷயத்தில் கொஞ்சம்கூட அவசரப்படக் கூடாது என்று தீர்மானித்தேன்.

சின்ன வீடு, கைக்கு அடக்கமான செலவு, வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். சூளையிலிருந்து மாதிரிக்குச் செங்கல் வரவழைத்தேன், மாதிரி என்றால் ஒன்றிரண்டு வாங்குகிறவன் இல்லை நான், ஐம்பதுக்குக் குறைந்து சோதித்தால் முடிவை நம்ப முடியாது, ஒவ்வொன்றையும் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டேன், இரண்டு உடைந்தது, அந்தச் சூளையே வேண்டாம் என்றேன், சூளைக்காரர் "தூக்கிப் போட்டா நானுந்தான் உடைவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து சிமென்ட் கல், விலை குறைவு, ஆனால் வெயிலில் கிடந்ததைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தால் பொழுது சாய்ந்த பிறகும் சூடு இறங்கவில்லை, கன்னம் சிவந்ததுதான் மிச்சம். மூங்கில் மலிவு என்றார்கள், வாங்கி வைத்த மூன்றாம் வாரம் காதை வைத்துக் கேட்டால் உள்ளே வண்டு சாப்பிடுகிற சத்தம். கடைசியில் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்த கல் ஒன்று வந்தது, தொட்டால் குளுகுளுவென்று இருந்தது, எல்லாவற்றிலும் மலிவு, எனக்கே ஆசையாகிவிட்டது, ஆனாலும் விதி விதிதானே என்று வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டேன், ஓரம் கரைந்துவிட்டது. எங்கள் கொத்தனார் எப்போது வருவீர்கள் என்று கேட்டால் நாளைக்கு என்றே சொல்வதால், தெருவில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு'தான். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டை வாளிக்குள்ளயா சார் கட்டப்போறோம்? ஓட்டுக் கூரையை நல்லா வெளிய இழுத்துவிட்டா மழை சுவரைத் தொடவே தொடாது" என்றார். நான் கேட்கவில்லை. அந்தப் பட்டப்பெயரை இப்போது அவர் எனக்கே கொடுத்துவிட்டதாகப் பேச்சு.

தள்ளிய மாதிரிகளெல்லாம் மனையில் மலையாகக் குவிந்தன. "நீங்க கல்லைத் தட்டிக்கிட்டே இருங்க, நான் வெந்துக்கிட்டே இருக்கேன்" என்பாள் உங்கள் அக்கா. இந்த மாதத் தொடக்கத்தில் ஓடு பார்க்க வெளியூர் போனேன். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினால் குவியலைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் அறை நிற்கிறது. அவளும் கொத்தனாருமாகச் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். கீழ்வரிகளில் என் சிமென்ட் கல், மேலே என் மண் கல், மூலைகளில் என் செங்கல், வண்டு தின்றது போக மிச்சமிருந்த மூங்கிலின் மேல், மாதிரிக்கு வாங்கி நான் தள்ளிவைத்த நாலு வகை ஓடு. நான் தேறாது என்று சொன்ன ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ரசமட்டமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போய் அரை நாள் பரிசோதித்துப் பதினொரு குற்றங்கள் கண்டுபிடித்தேன். வரிக்கு வரி நிறம் வேறு. ஜன்னல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. கதவு இல்லை, கோணி தொங்குகிறது. ஒன்பதாவது குற்றம்தான் எனக்குப் பொறுக்கவில்லை: கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டடி இடம் ஒன்றுக்கும் உதவாமல் வீணாக விடப்பட்டிருக்கிறது. பட்டியல் முழுவதையும் உங்கள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகுதான் அந்தத் தலையணையும் செம்பும்.

சாப்பாடு மட்டும் வேளைக்கு என் வாசலில் மூடி வைக்கப்படுகிறது. பேச்சு இல்லை. அவள் இருமல் கேட்காமல் இந்த அறையில் எனக்குக் கண் மூடவில்லை. ஆகவே நீங்கள் உடனே அவளுக்கு எழுதி, தேறாத சுவர்களுக்கு நடுவே இருப்பது ஆபத்து என்று எடுத்துச் சொல்லி, நான் ஒரு முடிவுக்கு வரும்வரை தகர அறைக்கே திரும்பச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துச் சூளையிலிருந்து மாதிரிக்கு ஐம்பது செங்கலும் அனுப்பவும்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டுகிற பசை அவளிடம் இருந்தது, கேட்கலாம் என்று போனேன். பகல் இரண்டு மணி, நல்ல வெயில். பழக்க தோஷத்தில் வெளிச்சுவரில் ஒரு கல்லை விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டேன். "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான்தான்" என்றேன். "கதவே இல்லாத வீட்டுல எதுக்குத் தட்டறீங்க? உள்ள வாங்க." உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, மைத்துனரே. கட்டிலுக்குப் பக்கத்தில் என் பாய் விரித்திருந்தது. நாடா வைத்து அளக்கவில்லை; சரியாக இரண்டடி. "ரெண்டு நாளா விரிச்சே கெடக்கு" என்றாள். பாயில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம், செங்கலும் அனுப்ப வேண்டாம். ஒன்பதாவது குற்றத்தை அடித்துவிடவும். மற்ற பத்தையும் நான் படுத்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன்.