இரண்டாம் மதிப்பாய்வாளர்

மருத்துவ, பொதுச் சுகாதார இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. படபடப்போடு திறந்த டாக்டரின் முகம் மறுநொடியே சுண்டிப்போயிற்று.

மூன்று முறை அனுப்பி மூன்று முறையும் திரும்பி வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வேறு யாரோ எழுதியதை இரண்டாம் மதிப்பாய்வாளராகப் படித்துக் குறை நிறை சொல்லும்படி கேட்டிருந்தார்கள். எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. அது அந்த இதழின் வழக்கம்.

"நாம எழுதினா போட மாட்டாங்க. அடுத்தவன் எழுதினதைத் திருத்த மட்டும் நாம வேணும்" என்று முணுமுணுத்தார்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த அறை டாக்டர். இவரைவிட ஏழு வயது இளையவர். அதற்குள் பதினாலு கட்டுரைகள் அச்சாகிவிட்டன. அதனால் டாக்டர் அவரை மனசுக்குள் 'பதினாலு' என்றே கூப்பிடுவார். வீட்டிலும் அதே பெயர்தான். "இன்னைக்குப் பதினாலு புதுச் சட்டை போட்டுட்டு வந்தான்" என்று பொருமினால் மனைவிக்குப் புரிந்துவிடும்.

வேண்டாவெறுப்பாகக் கட்டுரையைத் திறந்தார். 'ரத்த அழுத்த நோயாளிகள் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்?'

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வாரம்தான் டீ குடிக்கும்போது பதினாலு கேட்டான்: "சார், உங்க நோயாளிங்க மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

"மாட்டினான்!"

கடைசிப் பக்கத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்ற விவரம் இருந்தது. பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. முதல் ஆசிரியர்: மேற்பார்வை. இரண்டாம் ஆசிரியர்: திட்டமிடுதல், நோயாளிகளைச் சந்தித்தல், கணக்கிடுதல், எழுதுதல்.

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒரு அப்பாவி மாடாய் உழைத்திருக்கிறான். இவன் மேற்பார்வை பார்த்துவிட்டு முதல் பெயரைத் தட்டிக்கொண்டான். பதினாலும் வந்த வழி இதுதானா!

அன்று நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, டாக்டர் நான்கு பக்கத்துக்கு நாற்பத்தொரு குறைகளை எழுதினார். நாற்பது நோயாளிகள் போதாது, முந்நூறு பேராவது வேண்டும். வீடு வீடாகப் போய் மீதி மாத்திரைகளை எண்ண வேண்டும். கடைசியாக, ரசித்து ரசித்து இதைச் சேர்த்தார்: 'மேற்பார்வை பார்த்தவரெல்லாம் ஆசிரியர் ஆகிவிட முடியாது. முதல் ஆசிரியரின் பெயரை அடியோடு நீக்கினாலொழிய இக்கட்டுரையைப் பரிசீலிக்கக் கூடாது.'

அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவர், பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஒரு திங்கட்கிழமை பதினாலின் ஷூவில் சேறு. டாக்டர் மனைவியிடம் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "வீடு வீடா அலையறான்டி!"

"மழை பெஞ்சா உங்க ஷூவிலயும்தான் சேறு. வாசல்ல கழட்டிட்டு வாங்க."

ஆனால் பதினாலு வாடவில்லை. விசிலடித்துக்கொண்டே வந்து போனான். அவனைத் தவிர மற்ற எல்லோரும்தான் களைத்துத் தெரிந்தார்கள். நோயாளிகளைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பும் சிஸ்டர்கூட ஒருநாள் டாக்டர் எதிரிலேயே கொட்டாவி விட்டாள்.

"ராத்திரியெல்லாம் டி.வி. பாக்கறதைக் குறைச்சுக்கோங்க சிஸ்டர்."

"சரிங்க சார்."

ஐந்து மாதம் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. நாற்பத்தொரு குறைகளும் சரிசெய்யப்பட்டிருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். முதல் ஆசிரியரைக் காணோம். 'இரண்டாம் மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம்' என்று நன்றிக் கடிதம் வேறு.

பெயர் போனதில் டாக்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கட்டுரையைப் படித்ததும் வயிறு எரிந்தது. அது நன்றாகிவிட்டது!

விடுவாரா? 'வெறும் எண்கள் உயிரற்றவை. மாத்திரையை நிறுத்தியதற்கான காரணத்தை நோயாளிகளின் சொந்த வாயால் கேட்டு எழுதவும்' என்று மறுபடி தட்டிவிட்டார். இத்தோடு ஓடிவிடுவான் என்று நம்பினார்.

ஓடவில்லை. இரண்டு மாதத்தில் நோயாளிகளின் பேச்சு அப்படியே வந்தது. 'மருமக முன்னாடி மாத்திரை போட்டா நான் வியாதிக்காரின்னு ஆயிடும்' என்றாள் ஒரு பாட்டி. 'டாக்டர் நிமிர்ந்தே பாக்கறதில்ல. அவர் கொடுக்கற மாத்திரையை மட்டும் நான் ஏன் மதிக்கணும்?' என்று கேட்டிருந்தார் ஒரு லாரி ஓட்டுநர்.

"யாரு அந்த டாக்டர், இவ்வளவு மோசமா?" என்று தலையை ஆட்டிக்கொண்டார் டாக்டர். பிறகு பெருமூச்சு விட்டார். "இதை நான் எழுதியிருக்கக் கூடாதா?"

குறை சொல்ல ஒரு கால்புள்ளிகூட மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் 'ஏற்கலாம்' என்று எழுதினார். உடனே இதழாசிரியரிடமிருந்து பதில் வந்தது: 'சாதாரணமாக வந்த கட்டுரையை இந்த ஆண்டின் சிறந்த கட்டுரையாக்கியது உங்கள் கண்டிப்புதான்.' டாக்டர் அன்று சாப்பிடவில்லை.

"நீங்களே திட்டித் திட்டி அவனைத் தூக்கி விட்டுட்டீங்க. முதல்லயே 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா சுமாராவே அச்சாகியிருக்கும்" என்றாள் மனைவி.

இதழ் அச்சாகி வந்த அன்று அடுத்த அறையில் கூட்டம். பிஸ்கட் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. போகாவிட்டால் தப்பாகத் தெரியும். இதழைப் பிரித்துக்கூடப் பார்க்காத டாக்டர் பல்லைக் கடித்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பதினாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்! மாத்திரைக் கட்டுரை பிரமாதம்."

"எனக்கு எதுக்கு சார் வாழ்த்து? எந்த இதழுக்கு அனுப்பலாம்னு சொன்னதோட சரி. எழுதினது உங்க சிஸ்டர். அஞ்சல் வழியில மேல்படிப்பு படிக்கறாங்கல்ல, அந்தக் கல்லூரி மூலமா அனுப்பினாங்க. அத்தனையும் உங்க நோயாளிங்கதான் சார்!"

டாக்டர் பதினாலின் கையை விட்டார். மெதுவாகத் திரும்பினார். பிஸ்கட் தட்டோடு நின்ற சிஸ்டரின் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார். அச்சாகறப்ப சொல்லி உங்களை அசத்தலாம்னு முதல் ஆசிரியர் இடத்தை உங்க பேருக்குத்தான் ஒதுக்கி வெச்சிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான், அதை அடியோட எடுத்தாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு!"