முந்நூற்று எண்பத்தாறு பேர், ஒரே ஒரு கேபி

நெருப்பு, சக்கரம், றப்பர் முத்திரை. மனித குலம் கண்டெடுத்த இந்த மூன்று மகத்தான பொருள்களுக்கு அடுத்தபடியாக வரலாறு குறித்து வைக்க வேண்டியது ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு, யட்டியாந்தோட்டை பஜாரில், 'தோட்ட மக்கள் விழிப்பு, எழுச்சி மற்றும் மறுமலர்ச்சி மன்றம்' தனது லெப்டொப்புக்கு 'பெக்கப்' எடுத்த வைபவமே அது. அரைமணி நேர வேலைதானே என்று குறுகிய மனம் படைத்தவர்கள் சொல்லக்கூடும். மன்றம் அதை ஒன்பது நாட்களில் செய்து முடித்தது.

மன்றத்தில் வேலை செய்தவர் ஒருவரே. மங்கையர்க்கரசி என்ற மங்கை. மற்ற எல்லோரும் பதவி வகித்தார்கள். எட்டு மாதமாக அவள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி, பிறப்புப் பதிவு இல்லாததால் அடையாள அட்டையும் இல்லாமல் இருந்த முந்நூற்று எண்பத்தாறு பேரின் விவரங்களைக் கொப்பிகளில் எழுதி வந்து, லெப்டொப்பில் ஏற்றியிருந்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை கரவனெல்லையில் அரசாங்கத்தின் நடமாடும் சேவை. பட்டியலில் பெயர் இருந்து, ஆளும் நேரில் வந்து நின்றால், அட்டைக்கு விண்ணப்பம் ஏற்கப்படும்.

அந்த நேரம் பார்த்துத்தான் லெப்டொப் படுத்தது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால் பதினொன்றைத் திறந்தது. கம்பியூட்டர் கடை தாஸிம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ளுக்கு முழுக்க வைரஸ் ஈக்கிது தங்கச்சி. ஃபோமெட் பண்ணி, விண்டோஸைப் புதுசா போடணும். உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சி போகும். முந்தியே பெக்கப் எடுத்து வைங்க."

"இப்பவே எடுத்துத் தாங்களேன் நானா."

"எனக்கு அஞ்சு நிமிஷம். ஒங்கட தலைவர்ட ஒரு சொல்லு கேட்டுட்டு வாங்க."

அந்த ஒரு சொல்லில்தான் ஒன்பது நாள் அடங்கியிருந்தது.

தலைவர் காளிதாஸ் ஐயாவுக்கு பஜாரில் புடவைக் கடை. விழாக்களில் அவருக்குப் போர்த்தப்படும் பொன்னாடைகள் அவருடைய கடையிலிருந்தே வந்து, அவருடைய கடைக்கே திரும்பிப் போகும் அளவுக்குச் சிக்கனமான பொதுவாழ்க்கை. பெக்கப் என்றதும் அவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் ஆறு முழம் கயிறும் கொண்டுவந்துவிட்டார்.

"பெக்கப் பண்ணச் சொன்னியேம்மா. கட்டிறலாம்."

"ஐயா, அது மூட்டை கட்டுற பெக்கப் இல்லைங்க. உள்ள இருக்கிறதுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்கிறதுங்க."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் தலைவர். கயிறு மட்டும் கூட்டம் முடியும்வரை மேசையிலேயே இருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் யோகராஜ் கூட்ட அறிக்கை எழுதினார். லெப்டொப் நோயுற்றமைக்கு ஆழ்ந்த கவலை தெரிவிக்கப்பட்டது. எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கவும் பட்டது. லெப்டொப் இன்னும் சாகவில்லை என்று மங்கை ஞாபகப்படுத்தியபோது ஐம்பது விநாடி கடந்துவிட்டதால், மிச்சப் பத்து விநாடி நலம்பெற வேண்டி ஒதுக்கப்பட்டது. பிறகு இரண்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்குவதெனத் தீர்மானமாயிற்று. அதில் எதற்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது.

"சந்தேகமென்ன? மன்றத்தின் வரலாறுதான்" என்றார் யோகராஜ்.

மன்றத்தின் வரலாறு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு படங்களில் அடங்கியிருந்தது. தலைவர் உரையாற்றுகிறார். தலைவர் பொன்னாடை ஏற்கிறார். தலைவர் மரம் நடுகிறார். அதே மரத்தை அடுத்த வருடமும் நடுகிறார்.

"பேர் லிஸ்ட்டு ஐயா?" என்றாள் மங்கை.

"இடமிருந்தா பார்ப்போம். லிஸ்ட்டு அவசரமில்லை. அந்தச் சனங்க எங்க போயிரப் போறாங்க?" என்றார் தலைவர்.

"நான் கொப்பியில எழுதுனது இருந்தா பயமில்லைங்க. அதைத்தான் போன மாசம்..."

போன மாதம் மன்றம் 'காகிதமில்லா அலுவலகம்' ஆகியிருந்தது. கொப்பிகள் எல்லாம் ஒரு வடைக் கடைக்கு அன்பளிப்பாகப் போயிருந்தன. அந்த வைபவத்துக்கும் அறுபது படங்கள் இருந்தன.

பெக்கப் விழா புதன்கிழமை காலை பத்து முப்பத்திரண்டுக்கு, சுபநேரத்தில். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. பிரதி எடுப்பது கௌரவப் பணி என்பதால் அது செயலாளருக்கு. லெப்டொப்பை இயக்கத் தெரிந்த ஒரே ஆளான மங்கைக்கு, அதைப் படமெடுக்கும் பணி. யோகராஜ் படங்களை எல்லாம் பென் டிரைவில் போட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் திரையில் 'பேர் லிஸ்ட்' என்று இருந்த சின்ன ஐகனையும் இழுத்துப் போட்டார். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது.

கமராவுக்குப் பின்னாலிருந்து மங்கை திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அளவு ஒரு கேபின்னுதான் காட்டுது. முந்நூத்தி எண்பத்தாறு பேரு ஒரு கேபிக்குள்ள எப்படிங்க அடங்குவாங்க?"

தலைவர் மனம்விட்டுச் சிரித்தார். "லயத்துல ஒரு காம்பராவுக்குள்ள ஒம்பது பேரு அடங்கல்லையா? நம்ம சனங்க எங்கயும் அடங்கிருவாங்கம்மா."

கைதட்டல் எழுந்தது. யோகராஜ் பென் டிரைவில் இருந்த அந்த ஐகனை இரண்டு தட்டுத் தட்டினார். பட்டியல் அழகாகத் திறந்தது. அப்புறம் என்ன சந்தேகம்? 'பெக்கப் பூர்த்திச் சான்றிதழ்' ஒன்று தயாரித்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி லெப்டொப்போடு அனுப்பினார்கள்.

"எல்லாம் எடுத்தாச்சா?" என்று தாஸிம் கேட்டான். சான்றிதழைக் காட்டினார்கள். "சீல் வேற ஈக்கிது. அப்ப சரி" என்று அவன் அழித்தான்.

வியாழன் காலை லெப்டொப் புதுப்பெண் போல வந்து இறங்கியது. மங்கை பென் டிரைவைச் செருகினாள். தலைவர் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு முறையும் சேதமின்றிச் சிரித்தார். பேர் லிஸ்ட்டைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

தாஸிம் பார்த்த மாத்திரத்தில் தலையில் கை வைத்தான். "இது ஷோட்கட் தங்கச்சி. வீட்டுக்கு வழி காட்டுற பலகை மட்டும்தான் இது. பலகையைப் பத்திரமாக் கழட்டி எடுத்துட்டு வீட்டை இடிச்சிட்டோம். நேத்துத் தொறந்தது, வீடு அப்ப இருந்ததால."

மங்கை தன்னையே நொந்துகொண்டாள். நேற்று சந்தேகம் வந்தபோதே கமராவைக் கீழே வைத்திருக்க வேண்டாமா? அழுவதற்கு நேரமில்லாததால் வடைக் கடைக்கு ஓடினாள். கொப்பிகளில் மிஞ்சியிருந்தது ஒரே தாள். அதிலும் ஒருவர் இரண்டு உளுந்து வடையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடையைக் கையில் வாங்கிக்கொண்டு தாளை அவளிடம் கொடுத்தார், நல்ல மனிதர். எண்ணெயில் நனைந்த பதினொரு பெயர்கள் மீண்டன.

தாளோடு தோட்டத்துக்கு ஏறியபோது றப்பர் பால்வெட்டு முடிந்து வாளியோடு வந்துகொண்டிருந்தார் ஏழுமலை. ஐம்பத்தொரு வயது. பிறந்ததை யாரும் பதியாததால் சட்டப்படி இன்னும் பிறக்காதவர். அட்டை இல்லாத குற்றத்துக்கு மூன்று முறை சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர். மங்கை சொன்னதைக் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"கம்பியூட்டருதானே புள்ள மறந்துச்சு? நாங்க மறக்கலியே. பேனாவ எடு. மேல் லயத்துல இருந்து ஆரம்பிப்போம்."

"ரெண்டு நாள்தான் மாமா இருக்கு."

"எட்டு மாசம் நீ தனியா நடந்த. இப்ப நாங்க எல்லாரும் நடக்கிறோம். ஆகிப்போகும்."

ஆகத்தான் செய்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று அவர் குரல் கொடுத்தார். ஆட்கள் குளித்த ஈரத்தோடும், பாதிச் சோற்றுக் கையோடும் வந்து பெயர் சொன்னார்கள். ஒரு கிழவர் தன் வயதை எண்பது, எழுபது, அறுபத்தைந்து என்று இறக்கிக்கொண்டே வந்தார். இன்னும் இரண்டு பேர் வரிசையில் முந்தியிருந்தால் பள்ளிக்கூடம் போயிருப்பார். மங்கை சிரித்துச் சிரித்து எழுதினாள். வெள்ளி பொழுது சாய்வதற்குள் முந்நூற்று எழுபத்தொரு பேர். மிச்சம் பதினைந்து பேரும் தெஹியோவிட்டப் பக்கத்துக் கீழ்ப்பிரிவில்.

"காலையில முதல் பஸ்ஸுல போய் நானே கூட்டியாறேன்" என்றார் ஏழுமலை.

"பஸ்ஸுல வேணாம் மாமா."

"நடந்தா மத்தியானம் ஆயிருமே புள்ள. அதோட, நாளைக்கோட முடியப்போற கதைதானே?"

சனிக்கிழமை நடமாடும் சேவை கோலாகலமாக நடந்தது. தலைவர் நாற்பது நிமிடம் 'தொழில்நுட்பமும் தோட்ட மக்களும்' பற்றி உரையாற்றினார். மங்கையின் பட்டியலைத் தன் கையாலேயே அதிகாரியிடம் கையளித்தார்; படம் சரியாக விழாததால் திரும்ப வாங்கி இன்னொரு முறை கையளித்தார். முந்நூற்று எழுபது பேர் கைரேகை வைத்தார்கள். மங்கை ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினாள். மூன்று மணிக்கு மேசைகளை மடித்தார்கள்.

ஏழுமலை ஐந்து மணிக்கு நடந்து வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"சாவடியில எறக்கிட்டாங்க புள்ள. 'ஹெந்துனும்பத கோ?', அட்டை எங்கன்னாங்க. அட்டை எடுக்கத்தான் மாத்தயா போறேன்னு சிங்களத்துலயே சொன்னேன். சிரிச்சாங்க. தேத்தண்ணி குடுத்து ஒக்கார வச்சாங்க. நாலு மணிக்குத்தான் விட்டாங்க." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "கீழ்ப்பிரிவு ஆளுக ரோட்டுல நின்னுக்கிட்டே இருந்திருப்பாங்க. அடுத்தது எப்பவாம்?"

அது யாருக்கும் தெரியவில்லை.

மன்றத்தின் வருடாந்த அறிக்கை நாற்பது பக்கத்தில், வழுவழுத்த தாளில் வெளியாயிற்று. தலைவர் சொல்லச் சொல்ல மங்கை தட்டினாள். "பதினோராம் பக்கம், கணினி மறுசீரமைப்பு. இழப்பு விவரம்: ஏதுமில்லை. போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேங்க ஐயா."

அவள் போட்டது பதினாறு பெயர்கள். முதற்பெயர் ஏழுமலை. ஐந்நூறு பிரதி அச்சாகி, அமைச்சு வரைக்கும் போய், ஒரு வருடமாகிறது. தலைவர் அந்தப் பக்கத்தை இன்றுவரை பார்க்கவில்லை. அதில் அவருடைய படம் இல்லை.