ஹார்மோன் போடாத கோழிக்கடை

திருத்தணியில் செக்கிங் அக்கா சந்தேகப்படாத ஆள் ஒருத்தர்தான்: மலைமேல் இருக்கும் முருகன். அவர் கோயில் விபூதியையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள்.

அரக்கோணம் சாலையில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் அவளுடைய நாட்டுக்கோழிக் கடை. பின்பக்கமே வீடு. பால்காரர் ஊற்றிய பாலில் முதல் வாய் அவரையே குடிக்கச் சொல்வாள். வீட்டுக்காரர் இருமினால், நிஜ இருமலா என்று எட்டிப் பார்ப்பாள்.

பரம எதிரி எதிர்க்கடை பிராய்லர். "நேத்து குஞ்சு, இன்னிக்கு கோழி! எப்டி வளரும்? அத்தினியும் ஹார்மோன் ஊசி. துன்னா பொம்பளைக்கு மீசை மொளைக்கும்" என்று ரோட்டில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வாள். கடை போர்டிலும் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தாள்: 'ஹார்மோன் போடாத நாட்டுக்கோழி'. அதை நம்பி ஆந்திரா பக்கம் நகரியிலிருந்துகூட பைக்கில் வருவார்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு அவளுக்குச் சூடு கிளம்பியது. மார்கழிக் குளிரிலும் கழுத்து, முகமெல்லாம் குப்பென்று பற்றும். ஜாக்கெட்டைப் பிழிந்தால் சொம்பு நிறையும். தூக்கம் போயே போனது. முதலில் ஃபேனைச் சந்தேகப்பட்டுக் கழற்றினாள். பிறகு அம்மை என்று முடிவு கட்டி வாசலில் வேப்பிலை சொருகினாள். கறி வாங்க வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே திரும்பி எதிர்க்கடைக்குப் போனார்கள்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "வயசானா அப்டித்தான், பொறுத்துக்க." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆம்பளைக்குப் பல் வலித்தால் பொறுத்துக்கொள் என்று எவன் சொல்கிறான்?

ஒருநாள் கோழி வெட்டும்போது தலை கிறுகிறுத்து, கத்தி அவள் விரலில் இறங்கியது. "கடைய மூடிடலாம்னு கீறேன்" என்றாள். எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ பயங்கரம் பேசியவள்தான். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

கிருத்திகை அன்று கறிக்கு ஆள் வராது. காவடிக் கூட்டத்தில் புகுந்து அவளை நான் பார்க்கும் லேடி டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் பிரஷர் பார்த்தார், மார்பைப் பரிசோதித்தார். வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று கேட்டார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வந்த பிறகுதான் சொன்னார்: "ஹார்மோன் மாத்திரை கம்மி டோஸ்ல ஆரம்பிக்கலாம். எல்லாருக்கும் ஆகாது. உங்களுக்குக் குடுக்கலாம்."

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "ஹார்மோனா? பிராய்லருக்குப் போடறதா?"

"பிராய்லருக்குப் போடறாங்கன்னு யாரும்மா சொன்னது? அது ரகமே சீக்கிரம் வளர்ற ரகம்."

"யார் சொன்னதா? நான்தான் சொன்னேன்! இத்தினி வருஷமா நான்தானே சொல்லிகினு கீறேன்!"

டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வழியெல்லாம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத நான் துன்றது வெளிய தெரிஞ்சா என் போர்டு இன்னாத்துக்கு ஆவும்? எதிர்க்கடைக்காரன் மைக் வெச்சி கத்துவான்."

"நானும் இதேதான் சாப்பிடறேன்க்கா."

நடுரோட்டில் நின்றாள். என் மேலுதட்டை உற்றுப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமா."

"மீசை வரலியே."

மறுநாளே புது ஏற்பாடு. காலையில் வந்து என் தையல் மிஷினுக்கு எதிரில் உட்காருவாள். "நீ மொதல்ல முழுங்கு." முழுங்குவேன். "வாயத் தொற. நாக்கத் தூக்கு." தூக்குவேன். நான் சாகிறேனா என்று ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தன்னுடையதை முழுங்குவாள்.

சில வாரங்களில் சூடு அடங்கியது. வேப்பிலை இறங்கியது. நன்றாகத் தூங்கியதையும் சந்தேகப்பட்டாள். "எப்டி அவ்ளோ நேரம் தூங்கினேன்? பாவா டீயில இன்னாத்த கலந்தாரு?" பாவா என்றால் வீட்டுக்காரர். பாவம், அவருக்கு டீயே போடத் தெரியாது.

டாக்டர் பிராய்லரைப் பற்றிச் சொன்னதை அவள் நம்பவில்லை. போர்டு அப்படியே இருந்தது. ஒருநாள் நகரிக்காரர் ஒருவர் அதைக் காட்டி, "ஹார்மோன் நிஜமா இல்லியே அக்கா?" என்று கேட்டார். என் மிஷின் நின்றது.

அக்கா கோழியைத் தராசில் வைத்தாள். "கோழிக்கு இல்ல" என்றாள்.

போன மாதம் மகளைப் பார்க்க மணவூர் போனாள். நான் தனி ஆள். இனி நாக்கைத் தூக்க வேண்டாம், நிம்மதி என்று நினைத்தேன். விடிந்ததும் போன்.

"முழுங்கினியா?"

"ஆங், முழுங்கினேன்."

"உயிரோட கீறியா?"

"கீறேன்."

போனை வைக்கவில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.