மானிட்டரில் வந்த மாமனார்

உயிரே போனாலும் மொட்டை போடுவதில்லை என்று மரியராஜ் தீர்மானித்தார். உயிர் போக இருந்தபோது நேர்ந்துகொண்ட மொட்டை அது. மஞ்சள்காமாலையில் அவர் சுருண்டு கிடந்தபோது, மனைவி சகாயமேரி வேளாங்கண்ணி மாதாவுக்கு அவர் முடியைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். தன் முடியைக் கொடுத்திருக்கலாம். கேட்டால், "காமாலை யாருக்கு வந்துச்சு?" என்பாள்.

பழங்காநத்தத்திலேயே அப்படியொரு சுருள்முடி வேறு யாருக்கும் கிடையாது என்பது அவர் எண்ணம். மாதாவுக்கு அடுத்தபடியாக சகாயமேரி பயப்படுவது ஒருவருக்குத்தான், செத்துப்போன தன் அப்பா சூசைமாணிக்கத்துக்கு. அவரே வந்து மொட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

வரவழைக்க ஒரு வழி இருந்தது. அந்த வருடம்தான் வீட்டுக்கும், சிம்மக்கல்லில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூட அலுவலகத்துக்கும் பிராட்பேண்ட் வந்திருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டளை அடித்தால் வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக எழுதும் ஒரு மென்பொருள் இருக்கிறதாம். சொன்னது, பிரௌசிங் சென்டர் வைத்திருந்த மச்சினன் ஆல்பின். சகாயமேரி கடைக்குப் போன நேரத்தில், போனில் அவன் சொல்லச் சொல்ல இவர் கறுப்புத் திரையில் அடித்தார்.

"இடைவெளி விடுங்க மச்சான்."

"எம்புட்டு?"

"ஒண்ணுதான். என்டர் தட்டுங்க. என்ன வருது?"

"திட்டுதுடா."

"ஒரு எழுத்த விட்டுருப்பீக. திரும்ப அடிங்க."

கடைசியில் திட்டாமல் ஏற்றுக்கொண்டது. "அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது," என்றார். "சத்தியமா மச்சான்," என்றான் அக்காவின் தம்பி.

கல்லறைத் திருநாள் வந்தது. அப்பா கல்லறைக்குப் பூப்போடப் போவதாகச் சொன்னாள் சகாயமேரி. கம்ப்யூட்டரை அணைக்காதே என்று சொல்லிவிட்டு, அவசர வேலை என்று மரியராஜ் அலுவலகம் வந்தார். விடுமுறை. பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. கட்டளை கொடுத்ததும் வீட்டுத் திரை அவர் திரையில் விரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்பினார்.

"மேரி, அப்பா வந்திருக்கேன். மொட்டை வேண்டாம்."

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடுத்த வரியிலும் விழுந்தன. அவை அவர் அனுப்பாதவை.

"மாப்ள, எம்பேர்ல நீங்க ஏன் பேசுறீக?"

மரியராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். பக்கத்து வீட்டுச் சோணையம்மாளுக்குப் போன் போட்டார்.

"மேரி வந்துருச்சாக்கா?"

"இல்லையே தம்பி. வீடு பூட்டிக் கெடக்கு. சாவி எங்கிட்டதான் இருக்கு."

"உள்ள யாராச்சும்..."

"பூட்டுன வீட்டுக்குள்ள யாரு இருப்பாக? ஆனா என்னமோ தட்டுற சத்தம் கேக்குது தம்பி. எனக்கே பயமா இருக்கு."

வீட்டு நம்பருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் எழுத்து ஊர்ந்தது.

"போன் அடிக்கிறது கேக்குது மாப்ள. எடுக்கத்தான் கையில்ல."

கையில்லாதவர் எப்படி எழுதுகிறார் என்று யோசிக்கிற நிலையில் மரியராஜ் இல்லை. "மாமா, நீங்களா?" என்று அனுப்பினார்.

"என்னையப் புதைச்ச அன்னைக்கு நழுவிப் போயி பரோட்டா தின்னீகளே, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதை அவர் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

"மாதாவுக்குச் சொன்ன முடி மாப்ள. அதைக் குடுக்காம என்னால கண்ணு மூட முடியல."

அன்று சாயங்காலமே மரியராஜ் மனைவியோடு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினார். மறுநாள் கத்திக்குக் குனிந்தபோது கண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். சந்தனம் பூசிய தலையோடு கடற்கரையில் உட்கார்ந்து, தன் திட்டத்தையும் மாமனார் வந்ததையும் சொல்லி அழுதார். சகாயமேரி அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஆல்பின் அன்னைக்கே சொல்லிட்டான். என்னைய உள்ள வச்சு சோணையம்மாக்காதான் வெளியில பூட்டுனாக."

"பரோட்டா?" என்றார் ஈனக்குரலில்.

"சால்னா வாடையோடதான வந்து சவப்பெட்டிப் பக்கத்துல நின்னீக." அவள் முந்தானையை உதறி எழுந்தாள். "எங்கப்பாவுக்குக் கையெழுத்தே போட வராதுங்க. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணது நாந்தான்."