கர்ட்டன் மாமி கட்டிய மறைப்பு

எங்கள் ஊர் எத்தாளையில் வீடுகள் இரண்டே வகைதான். கர்ட்டன் மாமி வந்து பார்த்து "சரி" சொன்ன வீடு, இன்னும் சொல்லாத வீடு. இரண்டாவது வகை வீட்டில் மனிசர் நிம்மதியாகத் தூங்கியதாக நான் கேள்விப்படவே இல்லை.

மாமிக்கு அது தொழிலா என்றால், இல்லை. கடை இல்லை, தையல் மெசினும் இல்லை. சண்டை முடிந்து ஊரில் புதுக் கல்வீடுகள் எழும்பத் தொடங்கிய காலத்தில், எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி என்பதை அவராகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். ஒருத்தரும் கேட்கவில்லை. வருவார், கதிரையில் இருப்பார், தேத்தண்ணி குடிப்பார், துணியைச் சொல்வார். எதிர்த்துக் கதைக்கிற நெஞ்சுரம் யாருக்கு இருந்தது? கல்யாணக் கார்டில்கூட அவருக்கு 'கர்ட்டன் மாமி குடும்பம்' என்றுதான் எழுதுவார்கள்.

எங்கள் பக்கத்தில் பொண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அதில் வந்து குடியேறுவார். அதனால் பொண்ணைப் பார்த்த பிறகு வீட்டையும் பார்க்க வருவார்கள். வாப்பாவோ, கொழும்பில் எங்கேயோ கண்ட ஆசையில், ஹோலையும் சாப்பாட்டறையையும் நடுவில் சுவரே இல்லாமல் ஒன்றாகக் கட்டிவிட்டார். முன்னால் ஆம்பிளைகள் இருந்தால் பின்னால் பொம்பிளைகள் எப்படிச் சாப்பிடுவது? மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு சுவர் இல்லாததால் இந்தச் சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்று பயந்தேன்.

"ஜன்னலுக்கு லேஸ் போடுவமா?" என்று, துணி சொல்ல வந்த மாமியிடம் உம்மா மெல்லக் கேட்டார்.

"லேஸா? சோளகக் காத்து அடிச்சா அதத் தேடிக் களப்புக்கு அங்கால தோணியிலதான் போகணும்!" என்றார் மாமி. ஜன்னலுக்கு மண் நிறத்தில் தடித்த துணி. புழுதி ஒட்டினாலும் தெரியாதாம். ஹோலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் மட்டும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே பெரிய கர்ட்டன்.

"நாங்க அவங்களப் பார்க்கணும், அவங்க எங்களப் பார்க்கப்படாது. அப்படித் துணி வேணும்."

அதைக் கண்டுபிடிக்க வாப்பாவை ஹோலில் இருத்தி, துணி துணியாகப் பிடித்துப் பார்த்தோம். "நானா," என்று வாப்பாவை அண்ணன் முறையில் கூப்பிட்டார் மாமி, "நீங்க இப்ப மாப்பிள்ளை. வெக்கப்படுங்க. இப்ப மௌலவி. இப்ப கள்ளன். என்ன தெரியுது?"

"எனக்குப் பசிக்குது. அது மட்டுந்தான் தெரியுது," என்றார் வாப்பா.

கர்ட்டன் காற்றுக்குத் தூக்காமலிருக்க, அதன் கீழ் மடிப்பு முழுக்க மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பித்தார் மாமி. "வலை கடலுக்குள்ளயே நிக்குது. இது ஹோலுக்குள்ள நிக்காதா?" அல்லாஹ், என்ன மூளை! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வீடு பார்க்க வந்தார்கள். முன்னால் வாப்பாவோடு மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும். பின்னால், எங்களோடு, மாப்பிள்ளையின் உம்மா. நானும் மாமியும் துணியில் மூக்கு முட்ட நின்றோம்.

"போட்டோவ விட ஆள் நல்லம் புள்ள," என்று மாமி என் காதைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து முன்வாசலால் சோளகம் புகுந்தது. காற்றும் விடவில்லை, ஈயமும் விடவில்லை. பாவம், சுவர்தான் விட்டது. கம்பி, ஆணி, சாந்து எல்லாம் சேர்ந்து தடார் என்று விழுந்தன. வாய் நிறைய வட்டிலப்பத்தோடு நான், நேரெதிரே மாப்பிள்ளை. வாப்பாவின் முகம் செத்துவிட்டது.

மாமா எழும்பினார். "மறைவே இல்லாத வீடு. இதுல எங்கட புள்ளய எப்படி விடுற? வாங்க, போவம்."

மாமி, தலையில் விழுந்த சாந்தைக்கூடத் தட்டாமல், விழுந்த துணியை மிதித்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார்.

"சண்டையில மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து அகதிக் கேம்பில இருந்தம். ஒரு ஓலைக் குடில்ல ரெண்டு குடும்பம். நடுவில என்ட சாரி ஒண்டு, அதுவும் கிழிஞ்சது. அதுக்குள்ளதான் என்ட பொம்பிளப் புள்ளயள் குமரானாங்க. அங்கால இருந்த ஆம்பிளைகள் ஒரு நாளாவது இங்கால திரும்பிப் பார்க்கல்ல. மறைவு துணியிலயா இருக்கு தம்பி?"

மாப்பிள்ளையின் உம்மா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எந்தக் கேம்பு ராத்தா?" என்று கேட்டார்.

மாமி சொன்னார்.

"நாங்க அடுத்த கேம்பு." மாப்பிள்ளையின் உம்மா எழும்பி வந்து மாமியின் தலையிலிருந்த சாந்தைத் தட்டிவிட்டார். பிறகு தன் தம்பியான அந்த மாமாவைப் பார்த்து, "இரு. வட்டிலப்பம் சாப்பிட்டிட்டுத் திகதியப் பேசுவம்," என்றார்.

கல்யாணம் நடந்தது. அந்த இடத்துக்கு நான் பிறகு கர்ட்டனே போடவில்லை. இன்றைக்கும் மாமி வரும்போதெல்லாம் "இதென்ன வீடா, மைதானமா?" என்று ஏசுவார். ஏசட்டும். அவர் வாசல் படலையைத் திறக்கும்போதே சாப்பாட்டு மேசையிலிருந்து எனக்கு அந்த முகம் தெரிய வேண்டும்.